டி.சி. வாங்கிவிட்டேன், விசா முடிய 24 நாள்: இலங்கை மாணவர் ஒருவரின் கேள்வி

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். மாணவர் வீசாவில் வந்து திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு முடித்தேன். சென்னையில் வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததால் பழைய கல்லூரியில் டி.சி. வாங்கிவிட்டேன். வீசாவும் வதிவிட அனுமதியும் முடிய 24 நாட்கள்தான் இருக்கின்றன. சென்னையில் அறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் 'போலீஸ் பேப்பர் எதுவும் வேண்டாம்' என்கிறார். அப்பா அனுப்பும் காசு நண்பன் ஒருவனின் கணக்குக்கு வருகிறது. முகாமில் வளர்ந்த அவன், 'எங்கட ஆக்களிட்ட வீசா ஒண்டும் பார்க்கமாட்டாங்கள்' என்கிறான். அவனுடைய ஐ.டி.யில் மாலையில் உணவு டெலிவரி செய்யலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது அவருக்குப் பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. 9.1.2015 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத்தான் மத்திய அரசு 2025-இல் விசா விலக்கு ஆணை தந்தது. நீங்கள் கடவுச்சீட்டில் மாணவர் விசாவோடு வந்தவர். உங்களுக்கு 1.9.2025 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் முழுமையாகப் பொருந்தும். விசாக் காலம் கடந்து தங்கினாலோ விசா நிபந்தனையை மீறினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நிபந்தனை என்றதும் பலர் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். மாணவர் விசா ஒரு குறிப்பிட்ட கல்லூரியோடும் படிப்போடும் கட்டப்பட்டது. கல்லூரி மாறுவதற்கு எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம்) அனுமதி முதலில், டி.சி. பிறகு. நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். வெளிநாட்டு மாணவர் பற்றிய விவரங்களை அரசுக்குத் தெரிவிக்கும் கடமை கல்லூரிக்கு இருப்பதால், நீங்கள் விலகியது நீங்கள் சொல்லாமலே அங்கே தெரிந்துவிடும். அது தெரிவதற்கு முன் உங்கள் விண்ணப்பம் போயிருப்பது நல்லது.

ஆகவே இந்த வாரமே இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் கல்லூரி மாற்றத்துக்கும், விசா நீட்டிப்புக்கும், முகவரி மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டு, விசாப் பக்கம், இப்போதைய வதிவிட அனுமதி, புதிய கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீது, முதலாண்டு மதிப்பெண் பட்டியல், டி.சி. நகல், முகவரிச் சான்று, பணவசதிச் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். போனஃபைடு வாங்கும்போது படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். 'எங்கள் மாணவர்' என்று மட்டும் எழுதிய கடிதம் திரும்பி வரும். ஏன் மாறுகிறீர்கள், ஏன் அனுமதிக்கு முன்பே டி.சி. வாங்கினீர்கள் என்று ஒரு பக்க விளக்கமும் இணையுங்கள். தவறை ஒப்புக்கொண்டு எழுதுங்கள், சாக்குச் சொல்ல வேண்டாம். விண்ணப்ப எண் உள்ள பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டு வந்த செய்தியைக் கவனிக்காமலே பல விண்ணப்பங்கள் மூடப்படுகின்றன.

முகவரிச் சான்றில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும்; பேச்சுவழக்கில் இன்றும் 'சி படிவம்' என்பார்கள். இது வீட்டுக்காரரின் சட்டக் கடமை, உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. செய்யாவிட்டால் வழக்கு அவர் மீதும் வரும் என்பதை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் அந்த அறையை விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் விடுங்கள். 24 நாட்களில் அவரோடு வாதாடிக்கொண்டிருக்க முடியாது. கல்லூரி விடுதியில் சேர்ந்தால் படிவத்தை நிர்வாகமே பதிவு செய்யும். முதல் ஆறு மாதத்துக்காவது அதுதான் என் பரிந்துரை.

நண்பர் கணக்குக்கு வரும் பணம் உங்கள் பணவசதிக்குச் சான்றாகாது. அவருக்கும் அது வீண் சிக்கல். கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம், புகைப்படம் கொண்டு உங்கள் பெயரிலேயே என்.ஆர்.ஓ. கணக்கு, அதாவது வெளிநாட்டவரும் தொடங்கக்கூடிய ரூபாய்க் கணக்கு, தொடங்கலாம். முகவரிச் சான்றை 30 நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. கிளையில் 'ஆதார் இல்லாமல் முடியாது' என்றால் மேலாளரிடம் இந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள். இப்போதைக்கு அப்பாவின் வங்கி அறிக்கையையும், செலவை ஏற்பதாக அவர் எழுதிய கடிதத்தையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

டெலிவரி வேலை வேண்டாம். மாணவர் விசாவில் சம்பள வேலைக்கு இடமில்லை, பகுதிநேரமானாலும் சரி. இன்னொருவர் ஐ.டி.யில் ஓட்டினால் ஆள்மாறாட்டமும் சேரும். சாலையில் ஒரு சின்ன விபத்து நடந்தாலே எல்லாம் வெளியே வந்துவிடும்.

'ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். விசாத் தேதிக்குள் போவதில் குற்றமில்லை. ஆனால் கல்லூரி மாறிய விவரம் பதிவாகாமல் பழைய விசாவில் திரும்பினால் விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி வராதீர்கள். தேதி கடந்துவிட்டால் நிலைமை வேறு: நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி (எக்சிட் பெர்மிட்) இல்லாமல் குடிவரவு மேசையைத் தாண்ட முடியாது, நாகப்பட்டினம் கப்பலானாலும் சென்னை விமானமானாலும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியாவில் வசிக்கும் உரிமையைத் தரும் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே என்று லூயி டி ரெட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு மிஞ்சுவது 14, 21-ஆவது பிரிவுகள், அதாவது நியாயமான நடைமுறையைக் கேட்கும் உரிமை. தேதி தாண்டுவதற்கு முன்பே விண்ணப்பித்தீர்கள் என்பதைக் காட்டும் அந்த அச்சுத் தாள் அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.