டைனோசருக்குள் நிற்பவரிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் பள்ளி விடுமுறைகளில் சிறுவர்களுக்கு டைனோசர் நிகழ்ச்சி நடத்துகிறோம். பெரிய உருவத்துக்குள் நின்று ஆட்டுகிறவன் நான். பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் இது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: அண்ணா, மகளுக்கு மூன்று வயது. பயந்துவிடுவாளா?

பயப்படுவாள் தங்கச்சி, இருந்தாலும் கூட்டி வாருங்கள். முன்வரிசை மட்டும் வேண்டாம்; நடுவில், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். அழுதால் கதவருகே தூக்கிப் போய் நில்லுங்கள். தூரத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே "கிட்டப் போகலாம்" என்பாள். "சும்மா பொம்மைதான், தொடு" என்று கையைப் பிடித்து இழுப்பதுதான் கெடுதல்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தந்தை: உள்ளே எப்படி இருக்கும் என்று பையன் நச்சரிக்கிறான்.

உலோகச் சட்டம், அதன் மேல் நுரைப்பஞ்சு, அதற்கும் மேல் ரப்பர் தோல். பாரம் முழுக்கத் தோளிலும் இடுப்பிலும் இறங்கும். காவடி எடுத்தவர்களுக்கு அந்த வலி புரியும். என்ன, காவடிக்குக் காற்றாவது வரும்! கையில் சைக்கிள் பிரேக் மாதிரி இரண்டு பிடிகள்: ஒன்றை அழுத்தினால் வாய் திறக்கும், மற்றது கண்ணிமைக்கு. வெளியே நடப்பதைச் சின்ன கேமரா பிடித்து என் முகத்துக்கு எதிரே உள்ள திரையில் காட்டும். காலடியில் வந்து நிற்கும் பிள்ளை அதில் தெரியாது. அதனால் கூடவே நடக்கும் உதவியாளர் சொல்லாமல் நான் ஓர் அடி வைப்பதில்லை.

ஒருமுறை ஒரு வாண்டு திறந்த வாய்க்குள் முறுக்கைப் போட்டுவிட்டான். தொண்டை வழியாக உருண்டு என் மூக்கில் வந்து விழுந்தது. சாப்பிட்டுவிட்டேன்.

வெருலத்திலிருந்து: மனிதக் கால் தெரிகிறதே, பிள்ளைகள் ஏமாற மாட்டார்களா?

"மாமா கால் தெரியுது" என்று கத்துவார்கள். அடுத்த நிமிடமே வால் திரும்பினால் அலறி ஓடுவார்கள். அவர்களுக்கு இரண்டுமே உண்மை.

டோங்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை: எப்போதும் டைரனோசரஸ்தானா? நம் நாட்டு டைனோசர் கிடையாதா?

நல்லாக் கேட்டீங்க டீச்சர், எனக்கும் இதில் ஆதங்கம் உண்டு. டைரனோசரஸ் வட அமெரிக்காவில் வாழ்ந்தது. இங்கே மண்ணுக்கு உரியது நீளக் கழுத்து மாசோஸ்பாண்டிலஸ். 1854இலேயே ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதற்குப் பெயர் வைத்துவிட்டார். நம் நாட்டுக் கோல்டன் கேட் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் அதன் கூடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரே கூட்டில் 34 முட்டை வரை, முட்டைக்குள் கருவோடு. அப்புறம் 2018இல் பெயரிடப்பட்ட இன்னொரு நம் நாட்டு டைனோசர் லெடுமஹாடி, ஏறக்குறைய 12 டன். இங்கே பேசும் சோத்தோ மொழியில் அந்தப் பெயருக்குப் பெரிய இடி என்று அர்த்தம். மாசோஸ்பாண்டிலஸுக்கும் டைரனோசரஸுக்கும் இடையே 11 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைரனோசரஸுக்கும் நமக்கும் இடையே 6.6 கோடிதான். இரண்டையும் ஒரே மேடையில் சண்டை போட விடச் சொல்லி எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. விடமாட்டோம். பதிலாக முட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டியைக் கைப்பொம்மையாகக் கொண்டு வருகிறோம். பெரியதற்கு முன் அது வந்தால் சின்னப் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

மறுபடி சாட்ஸ்வொர்த்: பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வருவீர்களா?

பெரியது உங்கள் வாசல் கதவில் நுழையாது. குட்டியோடு வருகிறேன். சீலிங் ஃபேனை மட்டும் அணைத்து வையுங்கள்.