எஸ்.ஏ.டி. கணிதத்தில் ஃபங்ஷன் (சார்பு) கணக்குகள் மட்டும் ஏன் தப்பாகின்றன?

"சமன்பாடு தீர்க்கத் தெரியும், ஆனால் எஃப்(எக்ஸ்) என்று பார்த்தாலே கை நின்றுவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் இதையேதான் சொன்னாள். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். அவள் பதினொன்றாம் வகுப்பில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாரானபோது மூன்று மாதம் தினமும் இரவில் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவள் மாட்டிக்கொண்ட கணக்கு இது: எஃப்(எக்ஸ்) = 3எக்ஸ் − 5. ஜி(எக்ஸ்) = எஃப்(எக்ஸ் + 2). ஜி(கே) = 16 என்றால் கே எவ்வளவு?

முதல் தடவை, 3எக்ஸ் − 5 என்பதோடு 2-ஐக் கூட்டி 3எக்ஸ் − 3 என்று எழுதினாள். விடை 19/3 என்று வந்தது. அந்த 2 அடைப்புக்குறிக்கு உள்ளே இருக்கிறதே, அதை ஏன் வெளியே கொண்டுவந்தாய் என்று கேட்டேன். மறுபடி போட்டு 7 என்றாள். 3 × 7 − 5 = 16, சரிதானே அப்பா என்றாள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் 7 என்பது எஃப்புக்குள் போன எண். கேட்டது கே. கே + 2 = 7, அப்போது கே = 5. இப்படி ஒரு படி முன்னால் நின்றுவிட்ட விடைதான் தெரிவுகளில் நம்மைப் பிடித்து இழுக்கும்.

அன்றிலிருந்து எக்ஸுக்குப் பதில் கட்டம் போடச் சொன்னேன். எஃப்(□) = 3 × □ − 5. கட்டத்துக்குள் எது வந்தாலும், எண்ணோ எழுத்தோ எக்ஸ் + 2-ஓ, அதை அப்படியே அடைப்புக்குறியோடு வலப்பக்கக் கட்டத்திலும் வைக்க வேண்டும். அப்புறம், கொடுத்த எண் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எஃப்(4) என்றால் 4 உள்ளே போகிறது. எஃப்(ஏ) = 4 என்றால் 4 வெளியே வந்தது. பாதித் தப்புகள் இந்த இடத்தில்தான்.

இதே கணக்கில் வரைபடமும் புரிந்துவிடும். எஃப் 16-ஐத் தொடுவது 7-இல், ஜி தொடுவது 5-இல். இரண்டு அடி முன்னாலேயே தொட்டுவிடுகிறது, அதனால்தான் அடைப்புக்குறிக்குள் 2-ஐக் கூட்டும்போது கோடு இடப்பக்கம் நகர்கிறது. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கும் அடுக்குக்குறி ஃபங்ஷனில் ஒரு எச்சரிக்கை மட்டும். காரின் விலை ஆண்டுதோறும் 0.85 ஆல் பெருக்கப்படுகிறது என்றால் குறைவது 15 சதவீதம், 85 அல்ல.

தேர்வில் கணிதத்துக்கு 70 நிமிடத்தில் 44 கணக்கு, 22 வீதம் இரண்டு பகுதி. முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்தே இரண்டாவதன் கடினம் அமையும், அதனால் முதல் பகுதியில் அவசரப்படாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடவேண்டாம். திரையிலேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறது. ஜி-யையும் 16 என்ற கோட்டையும் வரைந்தால் வெட்டும் புள்ளியைச் சொல்லிவிடும். ஆனாலும் கட்டம் பழகும்வரை அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. எஸ்.ஏ.டி. எழுதப் பயன்படும் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மேலே உள்ள கணக்கில் 16-க்குப் பதில் 25 வைத்து இப்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 8 வர வேண்டும். 10 வந்தால் கட்டத்துக்குள் இருந்த எண்ணை எழுதியிருக்கிறீர்கள்.