டீசல் லோகோவில் ஸ்டியரிங் ட்ரக், ஸ்டியரிங் இல்லாத ட்ரக்: என்ன வித்தியாசம்? மாடல் வாங்கும்போது இதைப் பார்க்க வேண்டுமா?

திருவாரூர்க்காரனுக்கு இதை விளக்க ஆழித்தேர் போதும். தேரின் அச்சு தானாகத் திரும்பாது. வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டு, இரும்புத் தகட்டில் கிரீஸ் தடவி, சக்கரத்தைச் சறுக்க வைத்துத்தான் திருப்புவார்கள். ஸ்டியரிங் இல்லாத ட்ரக்கும் இதே ரகம்தான். (ட்ரக் என்பது லோகோவின் அடியில் அச்சுகளையும் சக்கரங்களையும் தாங்கும் சட்டம். இது அமெரிக்கப் பெயர். திருச்சி பொன்மலை டீசல் லோகோ ஷெட்டில் போகி என்பார்கள். பயணிகள் பெட்டியை நாம் போகி என்கிறோமே, அது வேறு.)

அதில் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். வளைவில் முன் அச்சு தண்டவாளத்துக்குக் கோணலாகிவிடும். வெளிச் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசும். அந்தக் கிரீச் சத்தமும் தேய்மானமும் அதனால்தான்.

ஸ்டியரிங் என்றதும் டிரைவர் பிடித்துத் திருப்புவதாக நினைக்க வேண்டாம். தனி மோட்டாரும் கிடையாது. சக்கரத்தின் ஓடுபரப்பு லேசான கூம்பு வடிவம். வளைவில் வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும்போது அச்சு தானே திரும்பப் பார்க்கும். ஸ்டியரிங் ட்ரக் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். முன், பின் அச்சுகளைத் தண்டுகளால் கோத்திருப்பதால் ஒன்று இடமாகத் திரும்பினால் மற்றது வலமாகத் திரும்பும். அமெரிக்க லோகோ நிறுவனமான இஎம்டி 1990களில் தன் எஸ்டி70 வரிசை லோகோக்களில் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது. அதே இஎம்டி வடிவமைத்த நம்ம டபிள்யூடிஜி-4 சரக்கு ரயில் லோகோவில் இருப்பதோ ஸ்டியரிங் இல்லாத ட்ரக். மூட்டுகள் கூடினால் ஷெட்டில் வேலையும் கூடும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாதிரி வயல்வெளிப் பாதைக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். மலைப்பாதை என்றால் கதை வேறு.

சரி, மாடல். 1:87 அளவு ஹெச்ஓ மாடல் ஒன்றை, ஸ்டியரிங் ட்ரக் இருக்கிறது என்று நம்பி வாங்கினேன். 18 அங்குல ஆர வளைவில் தடம் புரண்டுகொண்டே இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் வெளியே தெரியும் தண்டெல்லாம் பிளாஸ்டிக் முகமூடி! உள்ளே கியர் பெட்டியில் மூன்று அச்சும் இணையாகத்தான் இருந்தன. அநேகமாக எல்லா மாடலும் இப்படித்தான். வளைவில் அதைக் காப்பாற்றுவது நடு அச்சின் பக்கவாட்டு ஆட்டம் மட்டுமே. 18 அங்குலத்தை 87 மடங்காக்கினால் சுமார் 40 மீட்டர். நம் அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கடுமையான வளைவே 175 மீட்டர்.

அதனால் முகமூடி அசல் லோகோவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் வளைவை 24 அங்குலமாக்கினேன். இப்போது ஓடுகிறது.