பத்து மணிக்குத் தூங்குங்கள், தங்கச்சி

கேள்வி: ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். போன தடவை கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுப்பேன். நாலு நாள் படிப்பேன், ஐந்தாம் நாள் விட்டுவிடுவேன். அப்புறம் ஒரு மாதம் தொடவே மாட்டேன். எனக்கு மன உறுதியே கிடையாதா அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

நாள் முழுக்க நின்று, புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடி பிரித்து, கால் கடுக்க வீடு வருகிறீர்கள். அந்த நேரத்தில் யாருக்குமே படிப்பு ஏறாது. உடம்பில் தெம்பு இல்லாததற்கு 'மன உறுதி இல்லை' என்று பெயர் வைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. கேட்பது உங்கள் உரிமை.)

பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள், ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. 'நாளையிலிருந்து நன்றாகப் படிப்பேன்' என்பது பிடிமானம் இல்லாத தீர்மானம். 'குழாயில் தண்ணீர் பிடித்து முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து கணக்குப் போடுவேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எப்படியும் செய்யும் வேலையோடு படிப்பைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், மனசு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏன் கணக்கு என்கிறேன்? தேர்வின் 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு வரும் திறனறிவு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க் என்றால் அந்த 25 மட்டுமே முப்பத்தேழரை மார்க். கொஞ்ச மார்க்கில் போனது என்கிறீர்களே, அது இங்கேயே கிடைக்கலாம். 'கணக்கு எனக்கு வராது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 1,850 ரூபாய்ப் புடவைக்கு இருபது சதவீதம் தள்ளுபடி போக எவ்வளவு என்று கேட்டால், பில் போடும் முன்பே 1,480 என்று நீங்கள் சொல்லிவிட மாட்டீர்களா? தேர்வில் வரும் சதவீதக் கணக்கும் அதே ஜாதிதான். அங்கிருந்து தொடங்கி விகிதம், தனிவட்டி என்று போங்கள்.

அப்புறம் அந்த ஐந்தாம் நாள். உங்களைக் கவிழ்ப்பது அந்த ஒரு நாள் இல்லை, அதற்குப் பிறகு குற்ற உணர்ச்சியில் புத்தகத்தைத் தொடாமல் விடும் ஒரு மாதம்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு பழக்கம் படிய, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டார்கள். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் உங்களுக்கு ஒரு நாள் என்ன, ஒரு வாரமே தவறும். தவறட்டும். மறுநாள் காலையில் ஐந்து வேண்டாம், ஒரே ஒரு கணக்குப் போடுங்கள். விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள், மறுபடி சோர்ந்துவிடுவீர்கள்.

வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "ஆறரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதம்மா." இன்று ராத்திரி படுக்கும் முன், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சதவீதப் பாடத்தைப் பிரித்து, மேலே ஒரு பென்சிலையும் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.