மருத்துவரே இல்லாத கவுண்டியின் நலவாழ்வை எப்படி அளப்பது?

வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள லவிங் கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆய்வுக்கு எடுத்ததாகவும், மருத்துவர் எண்ணிக்கை பூஜ்ஜியம், இறப்பு விவரம் வெற்றிடம், ஆகவே 'மக்கள் நலமாக இருக்கிறார்கள்' என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள்.

2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 64 பேர்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவுண்டி அளவில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான இறப்புகளைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுகிறது. இருபதுக்குக் குறைவான இறப்புகளை வைத்துக் கணக்கிட்ட விகிதத்தை நம்பத்தகாதது என்றே குறிக்கிறது. எனவே அந்த வெற்றிடம் நலத்தின் அடையாளமன்று, எண்ணிக்கை போதாமையின் அடையாளம். நானும் முதன்முறை இதே குழியில்தான் விழுந்தேன்.

மருத்துவர் விகிதமும் (மக்கள்தொகைக்கு எத்தனை மருத்துவர் என்பது) இங்கே அவ்வளவாகப் பொருள் தராது. நோயாளிக்கு கவுண்டி எல்லை தெரியாது. லவிங்கின் தலைமையிடமான மென்டோனில் நெஞ்சுவலி வந்தவர் பக்கத்துக் கவுண்டிகளில் உள்ள பேகோஸ் நகரத்துக்கோ கெர்மிட்டுக்கோதான் போயாக வேண்டும். அத்துடன், எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்து முகாம்களில் தங்கும் வெளியூர்த் தொழிலாளர்கள் அந்த 64-இல் சேரமாட்டார்கள். ஆனால் மணல் லாரி கவிழ்ந்து அவர்களில் ஒருவர் அடிபட்டால் அதே ஆம்புலன்ஸ்தான் வர வேண்டும்.

எனவே லவிங்கை அண்டையிலுள்ள ரீவ்ஸ், வார்டு, விங்க்லர் கவுண்டிகளோடு சேர்த்து, ஐந்தாண்டு இறப்புத் தரவைத் திரட்டி, வயதுவாரியாகச் சரிசெய்து (வயதானோர் பங்கு இடத்துக்கு இடம் மாறுவதன் தாக்கத்தை நீக்கி) பாருங்கள். மருத்துவர் விகிதத்துக்குப் பதிலாக, அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் சாலைவழியே ஆகும் நேரத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.