புள்ளி மீன்கள் ஏன் கோட்டு மீன்களோடு சேரவில்லை?

கேள்வி: வீட்டுத் தொட்டியில் கோடு போட்ட ஜீப்ரா டேனியோ மீன்கள் ஆறு இருக்கின்றன. துணைக்குப் புள்ளி போட்ட லெப்பர்ட் டேனியோ மூன்று வாங்கி விட்டேன். “ரெண்டும் ஒரே ஜாதிதான், சேர்ந்துக்கும்” என்றார் கடைக்காரர். நான்கு நாளாகப் புள்ளி மீன்கள் மூன்றும் ஒரு மூலையிலேயே சுற்றுகின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். கடைக்காரர் சொன்னது சரிதான். மரபணு மாற்றத்தால் கோடு புள்ளியாகியிருக்கிறதே தவிர, இரண்டும் ஒரே இனம். ஆனால் யாரோடு சேர்வது என்று மீன் முடிவு செய்வது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான்.

எந்தத் தோற்றம் ‘நம்ம ஆள்’ என்பதும் பிறவியிலேயே தெரிந்துவிடுவதில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், கோடுள்ள ஜீப்ரா குஞ்சுகளைக் கருங்கோடு இல்லாத வெளிறிய வகையோடு வளர்த்தார்கள். பெரிதானதும் அவை தம்மைப் போன்ற கோட்டு மீன்களை விட்டு, வெளிறிய கூட்டத்தின் பக்கமே போய் நின்றன. தன் முகத்தைப் பார்த்தறியாத ஜீவன். கூட வளர்ந்தது எப்படி இருந்ததோ அதுதான் அதற்குக் கணக்கு. உங்கள் புள்ளி மீன்கள் பண்ணையில் புள்ளி மீன்களோடேயே வளர்ந்திருக்கக்கூடும்.

பயமும் உண்டு. கூட்டத்தில் தனித்துத் தெரிகிற மீன்தான் வேட்டை மீனின் கண்ணில் முதலில் படும். வெள்ளி நிறக் கூட்டத்தில் சில மீன்களுக்கு மட்டும் நீலச் சாயமேற்றி, பாஸ் என்ற வேட்டை மீன் முன் விட்டு இதைச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் தொட்டியில் எதிரி இல்லை என்பது மீனுக்குத் தெரியாதே! அளவொத்த மீன்களோடு அவை சேர்வதற்கும் இதுவே காரணம்.

கூடவே இருந்தால் பழக்கம் வரும். கப்பி மீன்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளச் சுமார் 12 நாள் பிடிக்கிறது. டேனியோவுக்கும் இரண்டு வாரமாவது கொடுத்துப் பாருங்கள்.

தொட்டி மூன்றடி நீளம் இருந்தால், அதே அளவில் இன்னும் மூன்று புள்ளி மீன்கள் சேருங்கள். ஆறு பேர் ஆகிவிட்டால் அவை தனிக் கூட்டமாகவே திரிந்தாலும் பாதகமில்லை. புதியவற்றை நேராகக் கொட்டாமல், இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துக் கவனியுங்கள்.

ஒன்று மட்டும் தன் புள்ளிக் கூட்டத்தையும் விட்டு ஒதுங்கி, துடுப்பை மடக்கிக்கொண்டு நின்றால் அது வேறு விஷயம். ஒட்டுண்ணி பிடித்த மீனை மற்ற மீன்களே தவிர்ப்பதுண்டு. அதை உடனே தனியே எடுத்து, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.