நர்ஸ் வேலைக்கு நடுவே ஐரிஷ் பெண்கள் வரலாறு: எங்கே தொடங்குவது?

கேள்வி: வேலூரில் நர்சிங் முடித்துவிட்டு, ஏழு வருடமாக அயர்லாந்தில் கார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். தபாலில் எம்.ஏ. வரலாறும் படித்திருக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி தபால் அலுவலகத்தில் இருந்தவர். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்கிறார். இன்னொருவர், தன் அக்கா 'லாண்டரி'யில் (கன்னியாஸ்திரிகள் பெண்களை உள்ளே வைத்துத் துணி துவைக்க வைத்த இடம்) இருந்தாள் என்று ஒருநாள் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இவர்கள் சொல்வதை போனில் பதிவு செய்து ஆராய்ச்சியாக எழுத ஆசை. நான் வெளிநாட்டுக்காரி, பல்கலைக்கழகத்தில் இல்லை, ஐரிஷ் மொழியும் தெரியாது. முடியுமா? பண உதவி கிடைக்குமா? எங்கள் தமிழ்க் குழுவும் இந்தத் துறைக்கு ஏதாவது செய்யலாம் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் போனை உள்ளே வையுங்கள். அந்தப் பாட்டிக்கு மாத்திரை கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் நீங்கள்தான். உங்களிடம் "வேண்டாம்மா" என்று சொல்ல அவரால் எப்படி முடியும்? அவர் தலையாட்டினாலும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தபால் அலுவலகப் பாட்டி தானாகவே விரும்பிச் சொல்கிறார் என்றால், இல்லத்தின் மேலாளரிடமும் அவர் குடும்பத்திடமும் பேசி, வெளியிலிருந்து ஒருவரை வரவழையுங்கள். வாய்மொழி வரலாற்றுக்கென்றே 'ஓரல் ஹிஸ்டரி நெட்வொர்க் ஆஃப் அயர்லாந்து' என்ற அமைப்பு இருக்கிறது. யார் கேட்பார்கள், பதிவு எங்கே இருக்கும், மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறுவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அக்காவைப் பற்றிப் பேச்சை நிறுத்திக்கொண்டவர் தன் பதிலைச் சொல்லிவிட்டார். அங்கே கேள்வியே கிடையாது.

அதிகமாகப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், அயர்லாந்தில் இது பட்ட புண். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி நடத்திய பெல்ஃபாஸ்ட் திட்டம், வடஅயர்லாந்து மோதலில் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களிடம் "நீங்கள் இறக்கும்வரை யாருக்கும் தரமாட்டோம்" என்று சொல்லிப் பதிவு செய்தது. 2011-இல் வடஅயர்லாந்து போலீஸ் கேட்க, அமெரிக்க நீதிமன்றம் வழியாகச் சில பதிவுகள் கைமாறின. டோலர்ஸ் பிரைஸ் என்ற பெண்ணின் குரலும் அதில் உண்டு. இன்னொரு பக்கம், கல்யாணமாகாத தாய்மாரையும் குழந்தைகளையும் வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களை விசாரித்த அரசு ஆணையம் தன் முன்னால் பேசிய சுமார் 550 பேரின் ஒலிப்பதிவை அழித்துவிட்டது. 2021-இல் பேக்கப்பிலிருந்து அதை மீட்க வேண்டியிருந்தது. வெளியே போனதும் தப்பு, அழித்ததும் தப்பு. இரண்டிலும் பேசியவரைத் திரும்பக் கேட்கவில்லை.

சரி, பதிவு வேண்டாம் என்றால் எதிலிருந்து தொடங்குவது? காகிதத்திலிருந்து. பாட்டி சொன்ன ஒரு வரியே போதும். அரசுப் பணியில் இருந்த பெண் கல்யாணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி அயர்லாந்தில் 1973 வரை இருந்தது. தபால் துறையும் அதில் அடக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு 1934-இல் கொண்டுவந்து 1958-இல் எடுத்தார்கள். போகும்போது கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள், 'கல்யாணக் கொடை' என்று. விதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு சின்ன ஊரில் இப்படி வீட்டுக்குப் போனவர்கள் அதற்கப்புறம் என்ன செய்து பிழைத்தார்கள் என்பதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். கல்யாணத்தை ஒட்டி விலகும் பெண்ணுக்கு அலுவலகத்தார் பரிசு கொடுத்தார்கள் என்று இரண்டு வரிச் செய்தி வரும். அது வாழ்த்துச் செய்திதான், ஆனால் வேலை பறிபோன தேதியும் அதில் இருக்கிறது. பல பொது நூலகங்களில் செய்தித்தாள் தொகுப்புகளைக் காசில்லாமல் கணினியில் பார்க்கலாம்.

இந்தத் துறையில் எனக்குக் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்கு 'இல்லை' என்று சொன்ன காகிதத்தைத்தான் முதலில் தேடுவேன். மார்கரெட் ஸ்கின்னிடர் என்ற கணக்கு டீச்சர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினில் துப்பாக்கி ஏந்திச் சுட்டவர், மூன்று குண்டு பட்டவர். காயத்துக்கு ஓய்வூதியம் கேட்டார். 1925-இல் மறுத்தார்கள். சட்டத்தில் 'படைவீரர்' என்றால் ஆண்பால் பொருளில்தான் என்று சட்ட அதிகாரி எழுதினார். 1938-இல்தான் கொடுத்தார்கள். நமக்கு லாபம் என்னவென்றால், உடனே கொடுத்திருந்தால் கோப்பு நாலு பக்கத்தில் முடிந்திருக்கும். மறுத்ததால் மனு, சாட்சி, மேல்மனு என்று சேர்ந்துகொண்டே போனது. 1934 ஓய்வூதியச் சட்டம் பெண்களை ஏற்றுக்கொண்டபோதும் குமன் ந மன் என்ற பெண்கள் படையினரைக் கடைசி இரண்டு தரத்தில்தான் வைத்தது. அதற்காக அவர்கள் எழுதிய மனுக்கள் டப்ளின் ராத்மைன்ஸில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி இணையத்திலும் இலவசம். 1947 முதல் 1957 வரை விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்களிடம் அரசு சேகரித்த 1,773 சாட்சியங்களும் அங்கேயேதான்.

மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். 1922 ஜூன் 30-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்தது. பழைய கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை அதில் போயின. 1881, 1891 தாள்களையோ முதல் உலகப்போர்க் காலத்தில் அரசே கூழாக்கிவிட்டது. முழுசாக மிஞ்சியவை 1901-உம் 1911-உம். நர்ஸ் என்ற முறையில் 1911 படிவத்தை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். மணமான ஒவ்வொரு பெண்ணும் எத்தனை வருடக் கல்யாணம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவை எத்தனை என்று நிரப்ப வேண்டும். பன்னிரண்டு, ஏழு என்று அடுத்தடுத்து இரண்டு எண்ணைப் பார்த்தால் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அதே வருடம் ஓட்டுரிமை கேட்ட பெண்கள் பலர் படிவத்தை நிரப்ப மறுத்தார்கள். அங்கே கணக்கெடுத்தவர்கள் போலீஸ்காரர்கள். விசாரித்துத் தெரிந்ததை அவர்களே எழுதிக்கொண்டு போன தாள்களும் உண்டு. அடுத்தது 1926 ஏப்ரல் 18-இல் எடுத்தது. அதற்கு நூறு ஆண்டுப் பூட்டு, 2026-இல் அவிழ வேண்டியது.

ஒரு தொல்லை பெயர். கல்யாணமானதும் பெயர் மாறுகிறது, செய்தித்தாளில் கணவர் பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' போட்டு முடித்துவிடுகிறார்கள். ஐரிஷில் எழுதினால் இன்னும் சிக்கல். தந்தை ஓ பிரியன் என்றால் மகள் 'நீ வ்ரியன்', மனைவி 'ஈ வ்ரியன்'. பிரிஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவள் டீலியா என்று கப்பல் ஏறியிருப்பாள், இரண்டும் ஒரே ஆள்தான். தப்பிக்க வழி, பிறப்புப் பதிவு. அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பிறப்பு, 75 வருடத்துக்கு மேற்பட்ட திருமணம், 50 வருடத்துக்கு மேற்பட்ட இறப்புப் பதிவுகளை அரசின் வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். 19, 20-ஆம் நூற்றாண்டு அலுவலகக் காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பில் மட்டும் ஐரிஷ் பக்கங்களும் வரும். அதிலும் ஆங்கிலப் பக்கங்கள் நிறைய உண்டு. கார்க் மாவட்டப் பக்கங்களை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படித்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

லாண்டரி விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மேக்டலீன் லாண்டரிகளை நடத்திய துறவற சபைகளின் ஏடுகள் பொது ஆய்வாளருக்குத் திறந்தவை அல்ல. 2013 அரசு அறிக்கை, 1922-க்குப் பின் 10,000-க்கு மேற்பட்ட பெண்கள் அங்கே போனதாகவும், எந்த வழியாக வந்தார்கள் என்று தெரிந்தவர்களில் கால்வாசிக்கு மேல் அரசு வழியாகப் போனதாகவும் சொன்னது. கடைசி லாண்டரி மூடியது 1996-இல். இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லவும் கூடாது. 1945-இல் டப்ளினில் சம்பளத்துக்குத் துவைத்த சாதாரண லாண்டரிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை வாங்கினார்கள். அதே ஊரில் சுவருக்குள் துவைத்தவர்களுக்குச் சம்பளமே கிடையாது.

கதவு மூடியிருந்தால் பக்கத்து ஜன்னலைப் பார்க்க வேண்டும். கேத்தரின் கார்லெஸ் அதைத்தான் செய்தார். அவர் பேராசிரியர் அல்ல, மாலை வகுப்பில் உள்ளூர் வரலாறு படித்த குடும்பப் பெண். ட்யூம் ஊர்த் தாய்-சேய் இல்லத்தில் இறந்த குழந்தைகளை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பதிவு அலுவலகத்தில் ஒவ்வொன்றுக்கும் 4 யூரோ கட்டி, இறப்புப் பதிவுகளைத் தன் கைக்காசில் வாங்கினார். 796 பெயர். 2012-இல் உள்ளூர் வரலாற்று இதழில் எழுதினார். அந்த இடத்தில் முழு அகழ்வு 2025-இல்தான் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் இல்லாதவள் செய்ய முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட என்ன சொல்ல?

ஆனால் நீங்கள் லாண்டரியை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலூர்க்காரிக்கு என்றே ஒரு தலைப்பு காத்திருக்கிறது. ராஸ்காமன் மாவட்டம் பாய்ல் ஊரில் 1878-இல் பிறந்த மார்கரெட் கஸின்ஸ், 1908-இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் ஓட்டுரிமைக் கழகத்தைத் தொடங்கியவர். அதற்காகச் சிறைக்கும் போனவர். 1915-இல் இந்தியா வந்தார். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1932-இல் பேச்சுரிமைக்காக மேடை ஏறியதற்கு அவரை அடைத்த இடம் உங்கள் வேலூர்ப் பெண்கள் சிறை. 1954-இல் அடையாறிலேயே இறந்தார்.

அயர்லாந்து ஆய்வாளர்களுக்கு டப்ளின் பாதி நன்றாகத் தெரியும். சென்னைப் பாதியை ஆங்கிலத்தில் வந்ததை வைத்துத்தான் பலரும் எழுதுகிறார்கள். சுதேசமித்திரனில் அவரைப் பற்றி என்ன வந்தது, கூடச் சிறையில் இருந்த தமிழ்ப் பெண்கள் என்ன எழுதினார்கள் என்று தேட உங்களால் முடியும். லீவில் ஊருக்கு வரும்போது தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அடையாறு நூலகம் மூன்றுக்கும் ஆளுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கஸின்ஸ், கசின்ஸ், கஸின் என்று எல்லா எழுத்திலும் தேடுங்கள். நான் ஒருமுறை ஒரே எழுத்தில் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்து, அடுத்த வருடம் மறுபடி போனவன்.

பணத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு முழுநேர முனைவர் பட்டம் என்றால், 2024-இல் உருவான 'ரிசர்ச் அயர்லாந்து' தரும் அரசு முதுநிலை உதவித்தொகை பெரியது. பிற நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், போட்டி கடுமை. உங்கள் நிலைமைக்கு அது இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் ஒரே ஒரு கட்டுரை எழுதுங்கள். 1989-இல் தொடங்கிய 'விமன்ஸ் ஹிஸ்டரி அசோசியேஷன் ஆஃப் அயர்லாந்து' சங்கத்தில் சேருங்கள், அதன் ஆண்டு மாநாட்டில் போய் உட்காருங்கள். இந்தத் துறையின் முன்னோடிகளான மார்கரெட் மக்கர்ட்டன், மேரி கல்லன் இருவர் பெயரில் அது கட்டுரைப் பரிசு தருகிறது. ஆன்னா பார்னெல் பெயரில் மாணவர்களுக்குப் பயண உதவியும் உண்டு. பார்னெல் 1881-இல் குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய பெண்கள் நிலக் கழகத்தை நடத்தியவர். அவர் எழுதி வைத்த வரலாறு அவர் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, 1986-இல்தான் புத்தகமானது.

கடைசியாக உங்கள் தமிழ்க் குழு. கேடயம், பொன்னாடை, மேடை எதுவும் வேண்டாம். ஆய்வாளர்கள் திண்டாடுவது டப்ளினுக்கு ரயில் டிக்கெட், இரண்டு ராத்திரி தங்கல், ஆவண நகல் கட்டணம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இவற்றுக்குத்தான். சம்பளம் இல்லாத மாதங்களில் அரை ஆய்வு அங்கேதான் நின்றுபோகிறது. பொங்கல் வசூலில் மிஞ்சுவதை, மேலே சொன்ன பெண்கள் வரலாற்றுச் சங்கத்திடம் பேசிப் பயண உதவிக்குக் கொடுங்கள், யாருக்குத் தருவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். டப்ளினில் வீடு உள்ளவர்கள் ஒரு அறையைக் கொடுத்தால் அது பணத்தைவிடப் பெரிது. இன்னொன்றும் செய்யலாம். அயர்லாந்துக்கு நர்சாக வந்த தமிழ்ப் பெண்களின் பணிக் கடிதம், சங்க நோட்டீஸ், முதல் வருடப் போட்டோ எல்லாவற்றையும் இப்போதே ஒரு பெட்டியில் சேருங்கள். ஐரிஷ் க்வியர் (பால்புதுமையினர்) ஆவணத் தொகுப்பும் அந்த இயக்கத்தார் தாங்களே சேர்த்துக் காத்து வைத்ததுதான். 2008-இல் அது தேசிய நூலகத்துக்குப் போனது. அட்டைப்பெட்டி போதும், ஒவ்வொரு தாளின் பின்னாலும் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதினால் சரி. பென்சிலால் எழுதுங்கள். காப்பகத்துக்குப் போகும்போதும் பென்சில்தான், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.